ஹார்ட் டிஸ்க் தள்ளாடுகிறதா? முதலில் காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்

என் பழைய 1 டிபி டிஸ்கில் போட்டோ ஃபோல்டரைத் திறக்கவே இரண்டு நிமிடம் ஆனது, சில படங்கள் பாதி சாம்பலாக வந்தன. பதற்றத்தில் நான் செய்த முதல் காரியம் செக்டிஸ்கை (விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் சரிபார்க்கும் கருவி) ஓட்டியது. அதைச் செய்யாதீர்கள். ராத்திரி முழுக்க டிஸ்கைக் குடைந்து, காலையில் அதுவரை திறந்துகொண்டிருந்த ஃபோல்டர்களையும் காணோம். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கைத்தான் சீர்படுத்தும், உங்கள் படங்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

சரி, டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 'குட்' என்று நீலத்தில் வந்தாலும் நம்பி விடாமல் 05, சி5, சி6 வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்), சி5 படிக்க முடியாமல் தொங்கலில் நிற்பவை, சி6 சரிசெய்ய முடியாதவை. சி5 ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே காப்பி எடுங்கள். அந்த வரிகளில் காட்டும் எண்ணிக்கை ஹெக்ஸில் (பதினாறின் அடிப்படையிலான எண்முறை) இருக்கும், அதனால் 1ஏ என்றால் 26. சி7 (டேட்டா கேபிளில் போய்வரும்போது நேரும் பிழைகள்) மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். மாற்றினாலும் பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் இருந்தால் போதும்.

டிஸ்க் டிக் டிக் என்று அடித்தால் ஆஃப் செய்துவிட்டு டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியமெல்லாம் வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

சத்தமில்லாமல் மெதுவாக மட்டும் இருந்தால், முக்கியமான நாலைந்து ஃபோல்டரை முதலில் சாதாரணமாகவே காப்பி செய்து பாருங்கள். நடுவில் உறைந்து நின்றால் மல்லுக்கட்டாமல் உபுண்டு லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) பூட் செய்து, பழுதான டிஸ்கிலிருந்து டேட்டாவை எடுக்கும் ஜிடிடிரெஸ்க்யூ பேக்கேஜைப் போடுங்கள் (கமாண்டின் பெயர் வெறும் டிடிரெஸ்க்யூ). காசு கேட்கும் மென்பொருள்களைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

கமாண்டில் முதலில் பழுதான டிஸ்க், அடுத்து இமேஜ் ஃபைல் (முழு டிஸ்கின் நகலும் ஒரே ஃபைலாக, வேறொரு டிஸ்கில்), கடைசியில் மேப் ஃபைல். முதல் இரண்டை மாற்றிப் போட்டால் கதை முடிந்தது, ஆகவே எல்எஸ்பிஎல்கே (இணைத்திருக்கும் டிஸ்குகளைப் பட்டியலிடும் கமாண்ட்) கொடுத்து டிஸ்கின் அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். மேப் ஃபைலை விட்டுவிட்டுத்தான் நான் ஆறு மணி நேர வேலையைத் தொலைத்தேன். எதுவரை படித்தோம் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது, கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் ஓட்டத்தில் '-என்' (சின்ன எழுத்து) சேர்த்தால் முரண்டு பிடிக்கும் இடங்களைத் தோண்டாமல் நல்ல பகுதிகளை அள்ளிவிடும். இரண்டாவது ஓட்டத்தில் அதை எடுத்துவிட்டு '-ஆர்3', அதாவது மூன்று முறை முயற்சி. இரண்டுக்கும் அதே இமேஜ், அதே மேப்.

அப்புறம் ஃபோட்டோரெக் (தொலைந்த ஃபைல்களை மீட்பது), டெஸ்ட்டிஸ்க் (தொலைந்த பார்ட்டிஷன்களை மீட்பது), ஏன் செக்டிஸ்க்கூட, எதுவானாலும் இமேஜின் நகலில் ஓட்டுங்கள்.

பின்குறிப்பு: 4 ஜிபியில் நின்றுவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இமேஜ் போய்ச் சேரும் டிஸ்கின் ஃபைல் சிஸ்டம் ஃபேட்32-ஆக இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, அப்படித்தான் ஆகும், எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். பழைய டிஸ்கில் 200 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் 1 டிபி முழுதுக்கும் இடம் வேண்டும்.