கடல் புதைபடிவம் தேடிக் குழுவாகப் போகிறீர்களா?

கிரெட்டேசியஸ் காலம் சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அன்றைய கடலடிச் சேறும் சுண்ணாம்பும் இறுகிய பாறைகள் இன்று பல இடங்களில் தரைக்கு மேலே தெரிகின்றன. அவற்றில்தான் அக்காலக் கடலுயிர்களின் கல்லான எச்சங்களைத் தேடப் போகிறீர்கள்.

முதலில் அனுமதி. நிலத்துக்காரரிடம் கேளுங்கள். அது பாதுகாக்கப்பட்ட பகுதியா, அந்த ஊர்ச் சட்டம் எடுக்க விடுமா என்றும் பாருங்கள். பிறகு நிலவியல் வரைபடத்தில் பாறை வெளியே தெரியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுத்தியல், உளி, கண்ணைக் காக்கும் கண்ணாடி, தலைக்கவசம், பழைய செய்தித்தாள், சின்னப் பைகள், அழியாத மை பேனா. இவை போதும். கடலோரம் என்றால் அலை ஏற்ற இறக்க நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். செங்குத்தான பாறைச் சரிவுக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது.

அங்கே போனதும் சுத்தியலை எடுக்காதீர்கள். வரிசையாகப் பரவி, குனிந்து, மெதுவாக நடங்கள். மழை கழுவிவிட்ட சரிவில் உதிர்ந்து கிடப்பவையே புதியவர்களுக்கு ஏற்றவை. விலா எலும்புபோல் வரிவரியாகச் சுருண்டது அம்மோனைட், கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடலுயிரின் ஓடு. தோட்டா வடிவக் கூர் கல் பெலெம்னைட், அதுவும் கணவாய் போன்ற அழிந்த உயிரின் உள் ஓடு. மேலே ஐந்து கதிர் தெரிந்தால் கடல் முள்ளெலி. பளபளக்கும் முக்கோணம் பெரும்பாலும் சுறாப் பல். பாறையோடு ஒட்டியிருந்தால் சுற்றிலும் கொஞ்சம் கல்லோடு சேர்த்தே எடுங்கள். அங்கேயே பிரித்தெடுக்கப் பார்த்தால்தான் உடைகிறது.

குழுவாகப் போகும்போது உண்மையான ஆபத்து, எடுத்தவை ஒன்றோடொன்று கலந்துபோவதுதான். எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத அம்மோனைட் அழகான கல், அவ்வளவே. அடுக்கு தெரிந்தால் அது பாறையின் வயதையே சொல்லும். அம்மோனைட் இனங்கள் வேகமாக மாறிக்கொண்டே வந்ததால், அக்காலக் கடற்பாறைகளைக் காலவாரியாகப் பிரிக்க அவற்றைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஒருவர் எழுதுவதற்கு மட்டும் இருக்கட்டும். அவரிடம் எண் வாங்காமல் எதுவும் பைக்குள் போகக் கூடாது. எண், இடம், அடுக்கு, தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவை ஒரு சீட்டில். அந்தச் சீட்டு அதே பைக்குள். பாறையிலேயே இருந்தால், எடுக்கும் முன் அளவுகோல் வைத்து ஒரு படம். உதிர்ந்து கிடந்தது என்றால் அதையும் எழுதுங்கள், ஏனென்றால் அது மேல் அடுக்கிலிருந்து உருண்டு வந்திருக்கலாம்.

வரிசையாக எலும்புகள் தெரிந்தால் தொடாதீர்கள். இடத்தைக் குறித்து, படம் எடுத்து, அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் மென்மையான பிரஷ், தண்ணீர் போதும். வினிகர் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு ஓட்டை அது கரைத்துவிடும். பொன் நிறத்தில் மின்னும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) படிவம் என்றால் ஈரமில்லாமல் மூடி வையுங்கள். காற்றும் ஈரமும் சேர்ந்தால் பொடியாகிவிடும்.