குதிகால் வலி: ஓடுபவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் படிப்படியான வழி

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கிறீர்கள். குதிகாலில் ஆணி ஏறியதுபோல் ஒரு குத்து. பத்து அடி நடந்தால் கொஞ்சம் விடுகிறது, குளித்து முடிப்பதற்குள் மறந்தே போகிறது. மாலையில் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப் போய்விடுகிறோம். இப்படியே நான் இரண்டு மாதம் கடத்தினேன். அப்புறம் நடக்கவே வலித்தது. சரி, ஓட்டத்தை நிறுத்திவிட்டு சைக்கிள் மிதிக்கலாம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கினேன். குதிகால் ஓரளவு அடங்கியது. ஆனால் முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் முன்பாதம் தணலில் வைத்ததுபோல் எரிந்தது.

இரண்டும் வேறு வேறு வலி, இரண்டுக்கும் வைத்தியமும் வேறு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. இப்போதுதான் ஓடவோ மிதிக்கவோ ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றால் அந்த நாட்களை நீங்கள் இழக்க வேண்டாம்.

படி 1: எங்கே வலிக்கிறது என்று விரலால் தேடுங்கள்

உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்ற தொடைமேல் போடுங்கள். ஒரு கையால் கால் கட்டைவிரலை மேல்நோக்கி மடக்குங்கள். உள்ளங்காலின் உட்பக்கம் ஒரு பட்டை, இழுத்துக் கட்டிய கயிறுபோல் விறைத்து நிற்கும். மற்ற கையின் கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே குதிகால் பக்கம் போங்கள். அது எலும்பில் சேரும் இடத்தை, அதாவது குதிகாலின் முன் உள்ஓரத்தை, அழுத்தும்போது ‘ஆ’ என்று வந்தால் பெரும்பாலும் அது பிளான்டர் ஃபேஷியைடிஸ்தான், அதாவது இந்தப் பட்டையில் வரும் நோவு.

நீங்கள் தடவிய பட்டை, குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை. விரல் மேல்நோக்கி மடங்கும்போது, கிணற்று உருளையில் கயிறு சுற்றுவதுபோல் அந்தப் பட்டை சுற்றி இழுபட்டு பாத வளைவைத் தூக்கி நிறுத்துகிறது. 1954இல் ஹிக்ஸ் என்பவர் இந்த இயக்கத்தை விளக்கினார். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. பழக்கமில்லாத பட்டைமேல் திடீரென்று அவ்வளவு சுமை ஏற்றினால் அது நோகத்தான் செய்யும்.

எக்ஸ்ரே பார்த்து “குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்கு” என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் முள்போன்ற அந்த எலும்பு வளர்ச்சி உண்டு.

கீழே சொல்வது எதுவும் இருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்: படுத்திருக்கும்போதும் வலி, எலும்பில் விரல்நுனி அளவு ஓரிடத்தில் மட்டும் கடும் வலி, குதிகாலை இருபக்கமும் உள்ளங்கைகளால் அழுத்தினால் வலி, ஒற்றைக்காலில் குதிக்க முடியாமை, வீக்கம், மரத்துப்போதல். எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், அதனால் “எக்ஸ்ரே நார்மல்” என்பதை மட்டும் நம்பி ஓடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்தப் பாத வலியையும் வீட்டு வைத்தியத்தில் விடக்கூடாது.

படி 2: சுமையைக் குறையுங்கள்

வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்களே போடுங்கள். ஓடும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை முதல் அடியில் வலி கூடாமலும் இருந்தால் அந்த அளவு ஓடலாம். கூடினால் தூரத்தைப் பாதியாக்குங்கள். முதலில் விடவேண்டியது வேக ஓட்டமும் ஏற்றமும். சென்னைக்காரர்களுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடுவது பாதத்துக்கு மெத்தென்று தோன்றும், ஆனால் குதிகால் மணலில் புதைந்து கெண்டைக்கால் கூடுதலாக இழுபடும். இந்த நேரத்தில் அது வேண்டாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் ஓடாதீர்கள். எங்கே நிறுத்தவேண்டும் என்று சொல்வதே வலிதான்.

படி 3: தரையில் கால் வைக்கும் முன்

எழுந்ததும் கட்டிலிலேயே உட்கார்ந்து, படி 1இல் சொன்னபடி கால்மேல் கால் போட்டு விரல்களைப் பின்னால் இழுங்கள். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. இரவெல்லாம் சுருங்கிக் கிடந்த பட்டைமேல் திடீரென்று எடை விழாமல் இது காப்பாற்றும்.

அப்புறம் வீட்டுக்குள் செருப்பு. நம் வீடுகளில் டைல்ஸ் தரைமேல் நாள் முழுக்க வெறுங்காலோடுதான் நடக்கிறோம். வெளியே போடாத மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு ஒன்றை வீட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆனது, ஆனால் போட ஆரம்பித்த வாரமே வித்தியாசம் தெரிந்தது.

உறைந்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டுவது அந்த நேரத்துக்கு இதம் தரும், அவ்வளவுதான். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதைச் செய்யக்கூடாது.

படி 4: படிக்கட்டும் ஒரு துண்டும்

ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஓய்வு வலியைத் தணிக்கும், பட்டையைப் பலப்படுத்தாது. அதனால்தான் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு ஓடினால் முதல் வாரமே வலி திரும்பி வந்து நிற்கிறது.

குளியல் துண்டைச் சுருட்டி மாடிப்படியின் ஓரத்தில் வையுங்கள். கால்விரல்கள் துண்டின்மேல், மேல்நோக்கி மடங்கி நிற்க, குதிகால் படிக்கு வெளியே இருக்கட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் ஒற்றைக்காலில் குதிகாலை மூன்று விநாடியில் மேலே தூக்குங்கள். இரண்டு விநாடி நில்லுங்கள். மூன்று விநாடியில் கீழே இறக்குங்கள். அவசரப்பட்டால் பயன் இல்லை. ஒற்றைக்காலில் முடியாவிட்டால் இரண்டு காலாலும் தொடங்கலாம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், 12 தடவை வீதம் மூன்று சுற்று. இரண்டு வாரம் கழித்து, முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டு எடையேற்றி 10 தடவை வீதம் நான்கு சுற்று. இன்னும் இரண்டு வாரம் போனதும் மேலும் எடையேற்றி 8 தடவை வீதம் ஐந்து சுற்று. டென்மார்க்கில் ஓர் ஆய்வில் பயன்படுத்திய முறை இது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வருடம் கழித்து இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஓடத் துடிப்பவருக்கு அந்த இடைப்பட்ட மாதங்கள் பெரிய விஷயம்.

எனக்கு முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று இருந்தேன். ஐந்தாவது வாரத்தில்தான் காலை முதல் அடி லேசானது. சிலருக்கு இது பல மாதம் இழுக்கும். அவசரத்தில் குதிகாலில் ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள். ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் வலியை அடக்கும், ஆனால் பட்டை கிழியவும் குதிகால் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்பு உண்டு. மருத்துவரோடு நிதானமாகப் பேசி எடுக்கவேண்டிய முடிவு அது.

படி 5: சைக்கிளைச் சரிபாருங்கள்

சீட்டில் உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நிற்கவேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். சீட் உயரமாக இருந்தால் பெடலை எட்ட விரல்நுனியில் மிதிப்பீர்கள், கெண்டைக்கால் ஓயாமல் இழுபடும்.

முன்பாத எரிச்சலுக்கு எனக்குக் காரணம், ஓடுகிற ஷூவோடு மிதித்தது. அதன் அடிப்பகுதி மெத்தென்று இருப்பதால் பெடல் அழுந்தி, விரல் எலும்புகளுக்கு இடையே போகும் நரம்புகள் நசுங்குகின்றன. வெயிலில் பாதம் வீங்கினால் இன்னும் மோசம். அடி விறைப்பான, முன்பக்கம் அகலமான ஷூ போடுங்கள். லேஸை அரை மணிக்கு ஒரு தடவை தளர்த்துங்கள். பெடலின் அச்சு, பாதப்பந்துக்கு (விரல்களுக்குப் பின்னால் உருண்டு தடித்த பகுதிக்கு) சற்றுப் பின்னால் வரும்படி மிதியுங்கள். கிளீட் ஷூ (அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் துண்டு உள்ள ஷூ) என்றால், கிளீட் இப்போதுள்ள இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, அதை மூன்று நான்கு மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளுங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதை விட்டு, லேசான கியரில் வேகமாகச் சுழற்றுங்கள்.

ஓடுகிற ஷூவை மாலையில், பாதம் சற்று உப்பியிருக்கும்போது வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

படி 6: திரும்ப ஓடுதல்

அரைமணி நேர வேகநடை வலியில்லாமல் முடிந்தால் தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு தடவை. அடுத்த நாள் ஓட்டம் இல்லை, சைக்கிள் மட்டும். காலை முதல் அடி சரியாக இருந்தால் அடுத்த தடவை ஓட்டத்தில் அரை நிமிடம் கூட்டுங்கள். ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள்.

வலி போய்விட்டது என்று படிக்கட்டுப் பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் நான் இன்னும் செய்கிறேன். அந்தத் துண்டு எங்கள் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியிலேயே தொங்குகிறது.