புயல் காலத்துக்கு முன் நாயைத் தயார்படுத்துதல்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடுவதால், பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும்வரை காத்திராமல், செப்டம்பரிலேயே நாயின் உடல் பராமரிப்பைத் தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் கவனிக்க வேண்டியது முடி. பொமரேனியன் போன்ற அடர்முடி நாய்களுக்குக் காதின் பின்புறம், அக்குள், வாலடி ஆகிய இடங்களில் முடி சிக்குண்டு சடையாகும். சடைக்குள் புகுந்த ஈரம் எளிதில் உலராமல் தோல் சிவந்து புண்ணாகும் என்பதால், குளிப்பாட்டுவதற்கு முன்பே சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். மொட்டையடிப்பது வேண்டாம். சிப்பிப்பாறை போன்ற குட்டைமுடி நாய்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது பாதம். பாம்பன் பக்கத்துக் கடலோர ஊர்களில் வெள்ளநீர் சீமைக்கருவேல முள்ளை அடித்துக்கொண்டு வரும். ஆகவே, நகத்தை வெட்டி, விரலிடுக்கு முடியையும் கத்தரித்துவிட்டால், வெளியே சென்று திரும்பிய நாயின் விரல்களை விரித்து முள் தேடுவது எளிது. கடல்நீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரால் அலசி, காதின் உட்புறத்தையும் ஈரமின்றித் துடைக்க வேண்டும்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் சிலரிடம் உள்ளது, அது நஞ்சு. கால்நடை மருத்துவர் தரும் மருந்தே போதும். எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் அப்போதே கேட்டுப் போட்டுவிடலாம். நிவாரண முகாமுக்குச் செல்ல நேர்ந்தால் உதவும் வகையில் சீப்பு, இரண்டு பழைய துண்டுகள், கழுத்துப்பட்டை, தடுப்பூசி அட்டை ஆகியவற்றை நெகிழிப் பையில் கட்டி வாசலருகே மாட்டி வைக்கவும்.