வாழ்நாள் சாதனையாளர் விருது: திட்ட மேலாளர்களைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள்

ஜனவரி 15 வந்தால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பிரிட்டிஷ் பொறியாளர் பென்னிகுவிக்கின் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. குமுளியில் கேரளம் தொடங்கிவிடும். அணை அங்கே, அதன் தண்ணீர் இங்கே. 1895இல் முடிந்த ஒரு திட்டத்தை நடத்தியவரை இன்னும் மறக்காத ஊர்கள் இவை. ஆனால் நம்மோடு வாழும் திட்ட மேலாளர்களுக்கு விருது கொடுக்கும்போது நிறையத் தவறுகிறோம். இந்தப் பக்கத்துத் தேர்வுக்குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன்.

முதல் தவறு, பணிமூப்பைச் சாதனையாக எண்ணுவது. பயோடேட்டாவில் பதவிகள் வரிசையாக இருக்கும். நெருக்கடியில் அவர் என்ன முடிவெடுத்தார் என்பது அதில் இருக்காது. பாலக்காட்டுக்காரரான ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனை டெல்லி மெட்ரோவால் ஊருக்கே தெரியும். ஆனால் 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது வயது 32தான். ரயில்வே கொடுத்த கெடு 6 மாதம், மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார், வேலையோ 46 நாளில் முடிந்தது. ஒருவரின் வாழ்நாளை எடைபோடும் குழு இந்த மாதிரி நாட்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுக் கழித்துவிடுவதும் தவறு. திட்ட மேலாளர்களுக்குச் சான்றிதழ் தரும் பி.எம்.பி. (PMP) தேர்வு வந்ததே 1984இல்தான். அதற்கு முன்பு அணையும் பாலமும் கட்டியவர்கள் அதை எங்கே போய் எழுதுவார்கள்?

அப்புறம், பாராட்டுரை. என் மனதை உறுத்துவது இதுதான். "அயராத உழைப்பாளி, தன்னலமற்ற சேவையாளர்" என்று எழுதுவோம். பெயரை மாற்றினால் அதே வரிகள் யாருக்கும் பொருந்தும். பென்னிகுவிக் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது சென்னை மாகாண அரசின் பணத்தில் நடந்த வேலை. மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். கட்டும்போதே வெள்ளம் வந்து அடித்துப்போனது. மறுபடி கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) கலந்து கட்டிய அணை அது. மதிப்புக்குரிய விஷயம் இதில் இருக்கிறது. கதை அதை மறைத்துவிடுகிறது. பாராட்டுரையில் ஒரு திட்டத்தின் பெயர், அதில் வந்த சிக்கல், அவர் எடுத்த முடிவு, அதன் விளைவு, இந்த நான்கும் இருந்தால் போதும்.

அவரோடு வேலை செய்த குழுவை விட்டுவிடுவது இன்னொரு தவறு. காட்டுக்குள் நடந்த பெரியாறு வேலையில் நோய் கண்டு இறந்தவர்களின் கல்லறைகள் அணைக்கு அருகிலேயே இருக்கின்றன. ஒருவரைப் பரிந்துரைக்க அவருடைய மேலதிகாரியின் கடிதம் மட்டும் போதாது. சைட் சூப்பர்வைசரிடமும், கான்ட்ராக்டரிடமும், பில் பார்த்த கணக்காளரிடமும் கேளுங்கள். "பணம் தாமதமானால் அவரே போன் பண்ணிச் சொல்வார்" என்று ஒரு கான்ட்ராக்டர் சொன்னால், எனக்கு அது பத்துக் கேடயத்துக்குச் சமம்.

நஷ்டம் தரும் திட்டத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்தச் சொன்னவரையும் கணக்கில் எடுங்கள். அவர் பெயரில் கட்டடம் எதுவும் நிற்காது.

கடைசியாக ஒன்று. பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, இரண்டு நிமிடத்தில் கீழே இறக்கிவிடாதீர்கள். அரை மணி நேரம் பேச விடுங்கள். தவறிப்போன ஒரு திட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முன்வரிசையில் பிரமுகர்களுக்குப் பதிலாக இளம் பொறியாளர்களை உட்கார வையுங்கள்.