குடும்பம் வாழ்ந்த நிலத்தைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்த் தமிழர் பலருடைய குடும்ப வரலாறு ஜொகூர்த் தோட்டப்புறத்திலோ செம்பவாங் கடற்படைத் தளத்திலோ தொடங்குகிறது. அந்த இடங்களைத் தேடிக் கேமராவுடன் செல்லும் இளையர்களைக் காணும்போது மனம் நிறைகிறது. ஆனால், அவர்கள் எடுத்துவரும் படங்கள் பலவற்றில் நிலம் அழகாக இருக்க, குடும்பம் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

இன்று கண்ணுக்குத் தெரிவதே அன்றைய நிலம் என்று நம்பிவிடுவதுதான் முதன்மையான தவறு. தாத்தா பால் வெட்டிய தோட்டம் என்று ரப்பர் மர வரிசைகளைப் படமெடுக்கிறோம். ஆனால் ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்படும் என்பதால், அவர் கத்தி பட்ட மரம் இன்று அங்கே நிற்க வாய்ப்பில்லை. 1960களிலிருந்து பல தோட்டங்கள் செம்பனைக்கும் மாறிவிட்டன. மரங்களைவிட, மாரியம்மன் கோயிலும் இடிந்த லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) அடித்தளமும் தூர்ந்த கிணறும் அந்தக் காலத்துக்கு நெருக்கமான சாட்சிகள். சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் நீர் நிறைந்து கிடக்கும் பள்ளங்களை இயற்கை ஏரிகளாகக் காட்டுவதும் இதே வகைப் பிழைதான். அவை தொழிலாளர்கள் கருங்கல் உடைத்த குவாரிகள்.

ஆகவே புறப்படுவதற்கு முன், சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள பழைய வரைபடங்களையும் வான்வழிப் படங்களையும் பாருங்கள். 1979 முதல் அங்கே பதிவாகிவரும் வாய்மொழி வரலாற்று நேர்காணல்களில் தமிழ்க் குரல்களும் உள்ளன.

நேரத்திலும் பலர் தவறுகிறார்கள். பால்வெட்டு விடியுமுன் தொடங்கி, பகலுக்குள் முடிந்துவிடும் வேலை. அந்தத் தோட்டத்தை அந்திப் பொன்னொளியில் மட்டும் காட்டினால் உழைப்பு மறைந்து ஏக்கம் மட்டுமே மிஞ்சும். பழுப்பு நிறம் பூசிப் பழைமையைச் செயற்கையாக வரவழைப்பதும் வேண்டாம்.

நிலக்காட்சி ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்துப்போகும். சிங்கப்பூர்க் கலைஞர் சிம் சீ யின்னின் தாத்தா மலாயாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு, 1949இல் சீனாவில் கொல்லப்பட்டார். குடும்பம் பல பத்தாண்டுகள் அவரைப் பற்றிப் பேசவில்லை. அந்த மௌனத்தைத் தேடிச் சென்ற சிம், பிரிட்டிஷ் ஆட்சிக்கும் கம்யூனிசக் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே மோதல் நடந்த மலாயா அவசரகாலத்தின் சுவடுகள் கொண்ட நிலங்களைப் படமெடுத்ததோடு நிற்காமல், எஞ்சிய பொருள்களையும் முதியவர்களின் சாட்சியங்களையும் அருகருகே வைத்தார். காடு வெறும் காடாகத் தெரியாமல் போவது அந்தச் சேர்க்கையால்தான் என்பது என் கருத்து.

சிங்கப்பூரின் லோரோங் புவாங்கோக் கம்பத்தில் (கிராமத்தில்) இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். அனுமதியின்றி அவர்களுடைய முற்றத்தில் கேமராவை நீட்டாதீர்கள்.

படமெடுத்த அன்றே தோட்டத்தின் பெயர், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), அங்கே வாழ்ந்தவர் உங்களுக்கு என்ன உறவு, அதைச் சொன்னவர் யார் என்பவற்றை எழுதிவிடுங்கள். பாட்டி சொன்னதும் ஆவணம் சொல்வதும் முரண்பட்டால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் குறிப்பில் வைத்திருங்கள்.