அடுக்குமாடி வீட்டில் நாய்க்குட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்க்குட்டி வருவதற்கு முன்பே அதற்கான படுக்கை, தட்டு, கழுத்துப்பட்டை, பொம்மைகள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடும் குடும்பங்கள் பல. குட்டி சோபாவில் ஏறலாமா, சாப்பாட்டு மேசையருகே நிற்கலாமா, இரவில் எங்கே படுக்கும், அழுதால் யார் எழுந்து பார்ப்பது என்ற கேள்விகளுக்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே பதிலைச் சொல்லும் குடும்பங்கள் சிலவே. சிங்கப்பூரில் தாத்தா பாட்டி, வேலைக்குப் போகும் பெற்றோர், பள்ளிப் பிள்ளைகள், பணிப்பெண் என்று பலர் சேர்ந்துதான் ஒரு நாயை வளர்க்கிறோம். நம் வீடுகளில் நேரும் தவறுகள் பலவற்றுக்கு நாயைப் பற்றிய அறியாமையைவிட, ஆளுக்கொரு சட்டம் வைத்திருப்பதே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இரவுச் சாப்பாட்டு வேளையில் இதைக் கண்கூடாகக் காணலாம். "மேசையிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பாட்டி தோசையின் முறுகலான ஓரத்தைக் கிள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மேசைக்கடியில் கையை நீட்டுவார். குட்டி அதை விழுங்கிவிட்டு நேரே அப்பாவிடம் போய், அவர் முழங்காலில் முன்னங்கால்களை வைத்துக் குரைக்கும், அவர் அதட்டுவார். விடாமல் கெஞ்சினால் யாராவது ஒருவர் கொடுப்பார் என்பதையே குட்டி இதிலிருந்து கற்றுக்கொள்கிறது. எப்போதும் பலன் தரும் பழக்கத்தைவிட எப்போதாவது பலன் தரும் பழக்கத்தை மாற்றுவதுதான் கடினம் என்பது பயிற்சியாளர்கள் நன்கறிந்த செய்தி. கட்டளைச் சொற்களிலும் இதே குழப்பம் உண்டு. அம்மா "உட்கார்" என்பார், பிள்ளைகள் "சிட்" என்பார்கள், இந்தோனேசியப் பணிப்பெண் "டுடுக்" என்பார். நாய் மூன்றையும் காலப்போக்கில் புரிந்துகொள்ளும் என்றாலும், தொடக்கத்தில் ஒரே சொல்லையும் ஒரே கையசைவையும் அனைவரும் பயன்படுத்தினால் சில நாள்களிலேயே பலன் தெரியும். குட்டியுடன் பகலில் அதிக நேரம் இருப்பவர் யாரோ, அவரை இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளாமல் விடுவது வீண் வேலை.

வாங்கும் கட்டத்திலேயே நடந்துவிடும் தவறுகளும் உண்டு. பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிந்த பரிசாகப் பிள்ளைக்கு நாய்க்குட்டி வாங்கித் தருபவர்கள், சிறிய இன நாய்கள் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளை தேசிய சேவைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போன பிறகு, அந்த நாயை நடைக்கு அழைத்துச் செல்லப்போவது பெற்றோர்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களைச் சேர்ந்த ஒரே ஒரு நாயைத்தான் வளர்க்கலாம். ஷி சூ, பொமரேனியன், மால்டீஸ் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. படங்களில் பார்த்து ஆசைப்படும் கோர்கி, பீகிள், கோல்டன் ரெட்ரீவர் ஆகியவை இல்லை. 2012இல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தின் கீழ், 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று நாம் செல்லமாக அழைக்கும் உள்ளூர்க் கலப்பின நாய்களை விலங்குநலக் குழுக்கள் வழியாகத் தத்தெடுத்து வீவக வீட்டில் வளர்க்க வழியுண்டு. அதற்கு உயர வரம்பும் பயிற்சி வகுப்பு நிபந்தனையும் உள்ளன. இந்நாட்டு வெயிலுக்கும் ஈரப்பதத்துக்கும் பழகிய உடல் அவற்றுக்கு இருப்பதால், முதன்முறை வளர்ப்பவர்கள் இவற்றைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும் என்பேன்.

இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் குட்டி, எல்லை வழியே கடத்தி வரப்பட்டதாக இருக்கக்கூடும். அத்தகைய குட்டிகள் பெரும்பாலும் தாயிடமிருந்து மிகச் சீக்கிரம் பிரிக்கப்பட்டவை, தடுப்பூசி போடப்படாதவை. வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பார்வோ வைரஸ் நோயால் இரத்தப் பேதியும் வாந்தியும் கண்டு, மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு மருத்துவமனையில் செலவழிய நேரிடும். விற்பவரிடம் உரிமம் உள்ளதா, குட்டியின் உடலில் மைக்ரோசிப் உள்ளதா, அந்த எண் ஆவணத்துடன் பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். நாய் உரிமத்துக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஏவிஎஸ் எனும் விலங்குநல, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவிடம் விண்ணப்பிக்க வேண்டும். கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கான கட்டணம், செய்யப்படாத நாய்க்கான கட்டணத்தைவிட மிகக் குறைவு.

சிறுநீர்ப் பழக்கம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் முதல் மாதத்தில் குடும்பத்தின் பொறுமையைச் சோதிப்பது இதுதான். எட்டு வாரக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதற்கு உடனே போக வேண்டும். பதினான்காவது மாடியில் மின்தூக்கிக்காகக் காத்திருந்து கீழே இறங்குவதற்குள் காரியம் முடிந்துவிடும் என்பதால், தொடக்கத்தில் வீட்டுக்குள்ளேயே ஓர் இடத்தில் தட்டோ உறிஞ்சும் விரிப்போ வைப்பதே நடைமுறைக்கு ஒத்தது. அந்த இடத்தை அடிக்கடி மாற்றுவது ஒரு தவறு. முழு வீட்டையும் முதல் நாளிலேயே குட்டிக்குத் திறந்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. கூடத்தின் ஒரு மூலையை வேலியிட்டு, அங்கே பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடத்தை விரித்துக்கொடுத்தால், எது படுக்கை, எது கழிப்பிடம் என்பது அதற்குத் தெளிவாகிவிடும். தவறான இடத்தில் போனால் அந்த வாடையை முழுமையாக நீக்க வேண்டும்; நமக்கு வாடை தெரியவில்லை என்பதற்காகக் குட்டிக்கும் தெரியாது என்று எண்ணக் கூடாது. இதற்கென நொதி கலந்த துப்புரவு நீர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது.

மூக்கைப் பிடித்துச் சிறுநீரில் தேய்ப்பது நம் பெரியவர்கள் சிலர் இன்னும் பரிந்துரைக்கும் முறை. அதை விட்டுவிட வேண்டும். ஒரு செயலுக்குப் பின் ஓரிரு விநாடிக்குள் வரும் விளைவைத்தான் நாய் அச்செயலோடு இணைத்துப் பார்க்கும். மாலையில் வேலை முடிந்து வந்து, காலையில் நடந்ததற்காகத் திட்டினால், வீட்டுக்கு வரும் மனிதரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்றுதான் அது புரிந்துகொள்ளும். "தப்புச் செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாய் உண்மையிலேயே தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அந்தக் 'குற்ற முகம்' தோன்றவில்லை. உரிமையாளர் அதட்டும்போதே அதிகம் தோன்றியது. அடி வாங்கும் குட்டி சிறுநீர் கழிப்பதை நிறுத்தாது, சோபாவுக்குப் பின்னால் போய்க் கழிக்கக் கற்றுக்கொள்ளும்.

கடிப்பதும் அப்படியே. சுமார் நான்கு மாதத்தில் பால் பற்கள் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் முளைக்கும்வரை ஈறு நமைச்சலால் கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். பிள்ளைகள் கையை ஆட்டி விளையாட்டுக் காட்டிவிட்டு, கடித்ததும் கத்துவது குட்டிக்கு இன்னும் உற்சாகமூட்டும். கையை எடுத்துவிட்டு, கடிக்கத் தகுந்த பொம்மையைக் கொடுத்து, அதைக் கடிக்கும்போது பாராட்டுவதே எளிய வழி.

முதல் ஒரு வாரம் விடுப்பெடுத்து இருபத்துநான்கு மணி நேரமும் மடியில் வைத்திருந்துவிட்டு, எட்டாவது நாள் காலை கதவைச் சாத்திக்கொண்டு அலுவலகம் போவது அன்பினால் செய்யும் தவறு. தனிமைக்குப் பழகாத குட்டி அன்று முழுவதும் ஊளையிடும், கதவைப் பிறாண்டும். பக்கத்து வீட்டார் புகார் கொடுப்பார்கள். முதல் நாளிலிருந்தே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியே விட்டுப் பழக்க வேண்டும். வெளியேறும்போது கட்டிப்பிடித்து விடைபெறுவதும், திரும்பி வந்ததும் ஆரவாரம் செய்வதும் வேண்டாம். ஆனாலும், பல மாடிகளில் நின்று வரும் மின்தூக்கியிலிருந்து இறங்குவது நீங்கள்தான் என்பதை நடைபாதையில் கேட்கும் காலடியிலேயே கண்டுகொண்டு, கதவுக்குப் பின்னால் வாலால் செருப்பு அலமாரியைத் தட்டிக்கொண்டிருக்கும் நாயைக் கண்டுகொள்ளாமல் நுழைவது எல்லோராலும் இயலும் காரியமன்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தடுப்பூசி முடியும்வரை வெளியே கொண்டுபோகவே கூடாது என்று வீட்டுக்குள் பூட்டி வைப்பது நல்லெண்ணத்தில் செய்யும் இன்னொரு பிழை. குட்டியின் தடுப்பூசித் தொடர் சுமார் 16 வாரம்வரை நீள்கிறது. உலகத்தை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவமோ மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரைதான். இரண்டையும் சமாளிக்க, குட்டியைத் தரையில் விடாமல் கையிலோ பையிலோ தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். கீழ்த்தளத்து இருக்கையில் கால் மணி நேரம் அமர்ந்தால் சக்கர நாற்காலி, குடை, மிதிவண்டி, பேருந்தின் பிரேக் ஒலி, பந்து விளையாடும் பிள்ளைகள் எல்லாம் ஒருங்கே கிடைக்கும். சிங்கப்பூரில் 1972 முதல் பட்டாசுக்குத் தடையிருப்பதால் தீபாவளிக்கு நம் நாய்கள் தமிழ்நாட்டு நாய்களைப் போல் அஞ்ச வேண்டியதில்லை; ஆனால் சீனப் புத்தாண்டின் சிங்க நடன முரசும், தேசிய தின ஒத்திகைக்கு வரும் போர் விமானங்களும், மேல்வீட்டுப் புதுப்பிப்பு வேலையின் துளைப்பான் ஒலியும், அடிக்கடி வரும் இடியும் உண்டு. இவற்றை மெல்லிய ஒலியில், தின்பண்டத்துடன் சேர்த்துச் சிறு வயதிலேயே அறிமுகப்படுத்தலாம்.

வெப்பத்தைக் குறைத்து மதிப்பிடுவது உயிருக்கே ஆபத்தானது. நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கும். காற்றில் ஈரப்பதம் அதிகமிருந்தால் அந்த மூச்சிரைப்பும் சரிவரப் பயன் தராது. பக், பிரெஞ்சு புல்டாக், ஷி சூ போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இடர் இன்னும் கூடுதல். பிற்பகல் நான்கு மணிக்கு, பிள்ளை பள்ளியிலிருந்து வந்த கையோடு நடைக்கு அழைத்துப் போவது சிங்கப்பூரில் பரவலாகக் காணும் காட்சி. காலை வெயில் ஏறுவதற்கு முன்பும், இரவு தரை ஆறிய பிறகும் செல்வதே நல்லது. புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் அதைத் தாங்காது. கெட்டியான எச்சில், அடர்சிவப்பு ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். குழாய்த் தண்ணீரால் உடலை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். வழிகாட்டி நாய்களைத் தவிர மற்றவற்றுக்குப் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் இடமில்லை என்பதால், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, நாயை ஏற்றிக்கொள்ளும் வாகனம் எது என்பதை முன்பே குறித்து வைத்திருங்கள்.

ஆண்டு முழுவதும் கொசுவும் உண்ணியும் உள்ள ஊரில், மாதந்தோறும் கொடுக்க வேண்டிய தடுப்பு மருந்தை "அறையிலேயே இருக்கும் நாய்தானே" என்று தள்ளிப்போடுவது தவறு. இதயப்புழு கொசுக்கடியால் பரவுகிறது, கொசு பத்தாவது மாடிக்கும் வரும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா காய்ச்சல்களில் ஈறு வெளுத்து, சோர்ந்து, சில வேளை மூக்கிலிருந்து இரத்தம் வடியும். நடை முடிந்ததும் விரலிடுக்கு, காதுமடல், கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனைக்கும் அனுமதி கிடைத்திருப்பதால் இரண்டையும் வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

உணவில் நம் சமையலறைக்கே உரிய ஆபத்துகள் சில உள்ளன. சாம்பாரிலும் பிரியாணியிலும் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்திலும் லட்டிலும் உள்ள உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சமைத்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். தீபாவளியன்று வீட்டுக்கு வரும் விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு துண்டு ஊட்டிவிட்டுப் போவார்கள், அவர்களுக்கும் முன்னரே சொல்லிவைக்க வேண்டியிருக்கும். காய்ச்சல் என்று நினைத்துப் பெனடால் கொடுப்பது எக்காலத்திலும் கூடாது. அதிலுள்ள பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி யோசிக்காமல் இருப்பதும் ஒரு தவறுதான். மின்தூக்கியில் முஸ்லிம் அண்டை வீட்டாரோ, நாயைக் கண்டு அஞ்சும் பிள்ளையோ இருந்தால், வாரைச் சுருக்கிப் பிடித்து மூலையில் நிற்கலாம், அல்லது அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருக்கலாம். இப்படி நடந்துகொள்பவர்களின் நாயைத்தான் நாளடைவில் தளத்திலுள்ளோர் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஆண்டுக்கணக்கில் தலையசைப்போடு நின்றிருந்த உறவு, அந்த நாயின் பெயரில் பேச்சாக மாறுவதைப் பல தளங்களில் பார்த்திருக்கிறேன். வாரை அவிழ்த்து ஓடவிட ஆசையிருந்தால், பீஷான் - அங் மோ கியோ பூங்காவிலோ வெஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ உள்ள நாய்களுக்கான வேலியிட்ட திடலுக்குப் போகலாம்.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்கள், நாயைத் தங்குவிடுதியில் விடுவதைக் கடைசி வாரத்தில் யோசிக்கின்றன. சிங்கப்பூர் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்பதால், இந்தியாவுக்குக் கூட்டிச்சென்று திரும்பினால் இரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் என்று நெடிய நடைமுறை உண்டு. ஒரு மாத விடுமுறைக்கு அது பொருந்தாது. விடுதியில் முதன்முறையாக ஒரேயடியாக நான்கு வாரம் விடுவதற்குப் பதிலாக, அக்டோபரிலேயே ஓர் இரவு தங்க வைத்துப் பாருங்கள். தடுப்பூசி அட்டையைக் கொடுத்து, நாய் இருமலுக்கான தடுப்பூசி தேவையா என்று கேட்டு, வழக்கமாக உண்ணும் உணவையே அளந்து பைகளில் கட்டிக் கொடுங்கள். வீட்டில் பயன்படுத்தும் கட்டளைச் சொற்களை ஒரு தாளில் எழுதி அங்குள்ளவர்களிடம் கொடுத்தால், திரும்பி வரும்போது பழக்கம் கலையாமல் இருக்கும்.