ஆறாவது இறங்க ஏழாவது ஏறியது

13 செல்களைத் தொடராகக் கட்டிய லித்தியம் அயான் பேக். சார்ஜ் 54.6 வோல்ட் வரை போகாமல் 53.7-லேயே நின்றுவிடும். ஏழாவது செல் 4.25-ஐத் தொட்டதாகச் சொல்லி, செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் போர்டு சார்ஜை நிறுத்திவிடும். செல்லின் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 4.13தான். செல்லை மாற்றினேன், போர்டையே மாற்றினேன். மூன்று நாள் போயிற்று.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: ஏழாவது 0.12 வோல்ட் கூடும்போது ஆறாவது அதே 0.12 குறைகிறது. அதுவும் ஆறாவதில் பேலன்சிங் (செல்களைச் சமன்செய்ய ஒரு செல்லிலிருந்து கொஞ்சம் கரண்டை வடிப்பது) ஓடும்போது மட்டும். இரண்டுக்கும் பொதுவானது நடுவிலுள்ள சென்ஸ் ஒயர், அதாவது பிஎம்எஸ் வோல்டேஜை அளக்கும் ஒயர். அளந்தால் 2 ஓம்! பேலன்சிங் கரண்ட் 60 மில்லிஆம்ப் அதில் ஓடினால் 0.12 வோல்ட் அங்கேயே போய்விடும். ஒயர் முனையில் அழுத்திப் பொருத்தும் கிரிம்ப், செம்பை விட்டு இன்சுலேஷனைக் கவ்வியிருந்தது (நான் அடித்ததுதான், யாரைத் திட்ட?). வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தேன். இப்போது 54.6 வரை ஏறுகிறது. நிம்மதி.